அண்ணா, இதுல கேம் ஆடலாமா?

போன வாரம் என் மானிட்டரை விக்கப் போறேன்னு ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். பைனல் இயர், மூட்டை கட்டுற நேரம். பத்தே நிமிஷத்துல ஒரு செகண்ட் இயர் பையன் கதவைத் தட்டினான். 24 இன்ச், கீறல் இல்லை, பாக்ஸ்கூட பத்திரமா இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "அண்ணா, இதுல கேம் ஆடலாமா?"

"ஆடலாம்"னு சொல்லியிருந்தா 4,500 ரூபாய் அப்பவே கைக்கு வந்திருக்கும். ஆனா வாய் வரலை. ஏன்னு உங்களுக்கும் சொல்றேன், நீங்களும் வாங்கப் போறவங்களா இருக்கலாம்.

அக்கா தன் முதல் சம்பளத்துல கொடுத்த காசுல வாங்கினது இது. பாக்ஸ்ல "1 மில்லி செகண்ட்"னு பெருசா போட்டிருந்துச்சு. வந்த அன்னைக்கே கவுன்டர் ஸ்ட்ரைக். டஸ்ட் 2 மேப்ல அந்த இருட்டு டனல் தெரியும்ல? அதுக்குள்ள போய் மவுஸைத் திருப்பினா, சுவரெல்லாம் ஈரப் பெயின்ட் மாதிரி கறுப்பா இழுத்துக்கிட்டே வந்துச்சு. கிராபிக்ஸ் கார்டு மேல சந்தேகப்பட்டேன், டிரைவரை மாத்தினேன், கேபிளை மாத்தினேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சது, பிரச்சினை பேனல்லயே இருக்கு.

எல்.சி.டி.யில ஒவ்வொரு பிக்சல்லயும் இருக்கிற திரவப் படிகம், மின்னழுத்தம் மாறினதும் திரும்ப வேண்டும். என்னோடது வி.ஏ. பேனல். அதில் கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறுவதுதான் ரொம்ப மெதுவு. 75 ஹெர்ட்ஸ்ல ஒரு பிரேமுக்குக் கிடைக்கிற நேரம் 13.3 மில்லி செகண்ட். அதுக்குள்ள மாறி முடிக்கலைன்னா பழைய படம் புதுப் படத்துல ஒட்டிக்கிட்டே வரும்.

அப்போ பாக்ஸ்ல இருந்த 1? பக்கத்துலயே பொடி எழுத்துல எம்.பி.ஆர்.டி.ன்னு இருந்துச்சு. பின்னாடி இருக்கிற லைட்டை வேகமா அணைச்சு எரியவிட்டு, அசைவு கண்ணுக்கு எவ்வளவு மங்கலாத் தெரியுதுன்னு பார்க்கிற கணக்கு அது. பிக்சல் நிறம் மாறுற வேகத்துக்கு ஜி.டி.ஜி.ன்னு வேற கணக்கு. இன்டர்னல் மார்க்கைக் காட்டிட்டு எக்ஸ்டர்னலை மறைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஓவர்டிரைவைக் கடைசி லெவல்ல வெச்சுப் பார்த்தேன். வால் குறைஞ்சுது, பதிலுக்கு ஓரமெல்லாம் வெளுப்பா ஒரு பேய் உருவம் வந்துச்சு.

ஆனா அக்கா காசு வீணாப் போச்சுன்னு சொல்ல மாட்டேன். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு இதுல படம் போட்டா அதோட அழகே தனி. சாதாரண ஐ.பி.எஸ். பேனல்ல கான்ட்ராஸ்ட் சுமார் 1000-க்கு 1, வி.ஏ.ல சுமார் 3000-க்கு 1. இருட்டு சீன் சாம்பல் பூசாம நிஜமாவே கறுப்பாத் தெரியும். வால் பிரச்சினையும் பெருசாத் தெரியாது, ஏன்னா சினிமா செகண்டுக்கு 24 பிரேம்தான், ஒவ்வொண்ணும் 41.7 மில்லி செகண்ட் நிக்குது. மெதுவான பேனலுக்கு அது தாராளம். கட்டில் ஓரத்துல உட்கார்ந்தவன் மட்டும் "டேய், எனக்கு வெளுத்துத் தெரியுதுடா"ன்னு புலம்புவான். பக்கத்துல இருந்து பார்த்தா வி.ஏ. அப்படித்தான்.

பையன்கிட்ட இதையெல்லாம் சொல்லாம, டனலையே திறந்து காட்டினேன். முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் ஒரு படத்துல நைட் சீன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாம பார்த்தான்.

"நான் ஃபிஃபா மட்டும்தாண்ணா ஆடுவேன்."

பச்சை கிரவுண்டு, பகல் வெளிச்சம். போட்டுப் பார்த்தோம், வால் தேடினாத்தான் கிடைச்சுது.

"அப்போ உனக்கு ஓகேடா."

"அந்த டனலுக்காக ஒரு 500 குறைங்கண்ணா."

4,000-க்குக் கொடுத்தேன், கேபிளோட.