ஒரே கட்டில், ரெண்டு முதுகு

"கெட்டியா இருந்தாதான் முதுகுக்கு நல்லது"ன்னு நம்ம ஊர்ல ஒரு வேதவாக்கு உண்டு. பக்கத்து வீட்டு ஆயாவும் சொல்லும், மெத்தைக் கடைக்காரரும் சொல்லுவார். எங்க நைனாவும் அதே கட்சிதான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுல முப்பது வருஷம் மூட்டை தூக்கின முதுகு. சிமெண்ட் தரையில பாயைப் போட்டுப் படுப்பார். காலைல எழுந்து நிமிரவே பத்து நிமிஷம் ஆகும்.

இந்த வேதவாக்கை 2003-லயே சோதிச்சுப் பார்த்துட்டாங்க. ஸ்பெயின்ல நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க 313 பேரை ரெண்டு கூட்டமா பிரிச்சாங்க. ஒரு கூட்டத்துக்கு கெட்டி மெத்தை, இன்னொண்ணுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை. 90 நாள் கழிச்சுப் பார்த்தா, நடுத்தர மெத்தைக்காரங்களுக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சிருந்தது. லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு இது.

அப்போ எல்லாரும் நடுத்தர மெத்தை வாங்கிட்டா போதுமா? அங்கதான் சிக்கல். நைனா 85 கிலோ, மல்லாந்து படுப்பார். அம்மா 48 கிலோ, ஒருக்களிச்சுத்தான் படுக்கும். 85 கிலோ அழுத்தினா அமுங்குற மெத்தை, 48 கிலோவுக்கு பலகை மாதிரி. ஒருக்களிச்சுப் படுக்கிறவங்களுக்கு தோளும் இடுப்பு எலும்பும் கொஞ்சம் உள்ள போகணும். போகலேன்னா தோள் மரத்துப் போகும். மல்லாந்து படுக்கிற கனத்த ஆளுக்கு மெத்தை ரொம்ப மெதுவா இருந்தா இடுப்பு குழியில இறங்கி முதுகு வளைஞ்சிடும். ஒரே மெத்தையில ரெண்டு பேருக்கும் நியாயம் பண்ண முடியாது.

இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கி கட்டி கட்டியாயிடும். தென்னைநார் மெத்தை நைனாவுக்கு ஒத்துக்கும், அம்மாவுக்கு ஆகாது. அதான் லேடெக்ஸ் பக்கம் போனோம். கன்னியாகுமரி, கேரளா பக்கம் ரப்பர் மரத்துல வடியுற பால்ல கந்தகம் சேர்த்து, நுரைக்க அடிச்சு, அச்சுல ஊத்தி வேகவைச்சு எடுக்கிறதுதான் லேடெக்ஸ் மெத்தை. 1929-ல டன்லப் கம்பெனி கண்டுபிடிச்ச முறை. இன்னைக்கும் அதே பேர்லதான் சொல்றாங்க. வெற்றிடத்துல விரியவைச்சு, உறையவைச்சு செய்யுற 'டலாலே' முறையும் உண்டு. அது பொதுவா கொஞ்சம் மெதுவா இருக்கும். எதுவானாலும், அழுத்தின இடம் மட்டும் அமுங்கி, எடுத்ததும் எழும்பிடும். அதுதான் இதோட சிறப்பு.

கடைக்குப் போனா கையால குத்திப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நாம கையில படுக்கிறதில்லையே :-) செருப்பைக் கழட்டிட்டு, வீட்ல எப்படிப் படுப்பீங்களோ அப்படியே பதினைஞ்சு நிமிஷம் படுங்க. மல்லாந்து படுக்கிறவங்க இடுப்புக்குக் கீழ கையை விட்டுப் பாருங்க. தாராளமா போய் வந்தா ரொம்பக் கெட்டி. கையே நுழையலேன்னா ரொம்ப மெது. ஒருக்களிச்சுப் படுக்கிறவங்க, பின்னாடி இருந்து கூட வந்தவங்களைப் பார்க்கச் சொல்லுங்க. கழுத்துல இருந்து இடுப்பு வரைக்கும் ஒரே நேர்க்கோடா இருக்கணும்.

அடுத்தது, ஜிப்பைத் திறந்து உள்ள பாருங்க. மேல ஒரு இஞ்ச் லேடெக்ஸ், கீழ வேற நுரைன்னு கூட லேடெக்ஸ் மெத்தையா விக்கிறாங்க. முழு லேடெக்ஸ்னா எடை காட்டிக் கொடுத்துடும். 75-க்கு 36, உயரம் 6 இஞ்ச் மெத்தையோட கன அளவு சுமார் 0.265 கன மீட்டர். அடர்த்தி 80 கிலோன்னு சொன்னா மெத்தை சுமார் 21 கிலோ இருக்கணும். மூட்டை எடை பார்த்தே பழகின நைனாவுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துட்டு, "கீதுடா, சரியாத்தான் கீது"ன்னார்.

ஆனா விலையைக் கேட்டதும், "இன்னாத்துக்குடா இத்தினி துட்டு? சீட்டு எடுத்த காசு ஊட்டு ஓட்டுக்கு ஆவும்"ன்னு கிளம்பிட்டார். அம்மா நகரலை. "ஓடு அடுத்த வருசம் போட்டுக்கலாம். நீ ராவுல எழுந்து உக்காந்துக்கினு இருக்கறதை நான் எத்தினி வருசம் பாக்கறது?"ன்னுச்சு. நைனா ஒண்ணும் பேசலை.

எங்க ஆறடிக் கட்டிலுக்கு ஒரே பெரிய மெத்தைக்குப் பதிலா 36 இஞ்ச் அகலத்துல ரெண்டு வாங்கினோம். நைனா பக்கம் கெட்டி, அம்மா பக்கம் மெது. நடுவுல கோடு தெரியாம ஒரே விரிப்பு. இன்னொரு லாபம், எங்க வீட்டு ஒடுக்கமான மாடிப்படியில 21 கிலோவை ரெண்டு பேரா வளைச்சு ஏத்திடலாம். நாப்பது கிலோ பெரிய மெத்தைன்னா ரொம்பக் கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில வெயில்ல காயப்போடுற பழக்கம் நமக்கு உண்டு. லேடெக்ஸுக்கு வெயில் ஆகாது, காய்ஞ்சு பொடியா உதிர்ந்திடும். நிழல்ல காத்தாட வைங்க. அடியில பலகை இடைவெளி விட்டு இருந்தா நல்லது, கடல் பக்கத்து ஈரம் தங்காது. இடைவெளி மூணு இஞ்சுக்கு மேல போக வேணாம். ரப்பர் ஒவ்வாமை இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க.

மூணு மாசம் ஆச்சு. நைனா முதுகு குணமாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். முப்பது வருஷ மூட்டை எந்த மெத்தைக்கும் பயந்து ஓடாது. ஆனா காலைல பத்து நிமிஷம் இப்போ ரெண்டு மூணு நிமிஷமாச்சு. அம்மா தோள் மரத்துப் போறதைப் பத்திப் பேசறதே இல்லை. மத்தியானத் தூக்கம் மட்டும் நைனாவுக்கு இன்னும் பாயிலதான். அதை மாத்த எந்த லேடெக்ஸாலயும் முடியாது.