யாப்பு

யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று செய்யுள் உறுப்புகளை எண்ணும்போது, நடுவே நிற்கும் தளைக்கும் பிணிப்பு என்பதே பொருள். இலக்கணம் பயிற்றும் நாங்கள் இதனை ஆண்டுதோறும் சொல்கிறோம், மாணவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். ஆயினும் கட்டுதலின் அருமையை நான் கண்ணாரக் கண்ட இடம் வகுப்பறை அன்று. திருத்தணியில் ஒரு சிறிய டிராக்டர் டிரெய்லரின் அருகே.

திருத்தணி எல்லையூர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினாலும் இருபுறத்து உறவுகள் அறுபடவில்லை. என் தமக்கையின் குடும்பமும் பிழைப்பின் பொருட்டு ஆந்திரப் பகுதியான நகரிக்குக் குடிபெயர்ந்தது. தட்டுமுட்டுச் சாமான்களுடன் இரண்டு மிதிவண்டிகளும் செல்லவேண்டும். ஒன்று, என் மச்சான் ஊரூராய்த் துணி விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய பழைய வண்டி. மற்றொன்று, அவர் மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி. கல்லூரிக்கும் அதிலேயே செல்ல எண்ணியிருந்த அப்பெண், "மாமா, என் வண்டிக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று மும்முறை கேட்டுவிட்டாள்.

டிரெய்லரை ஓட்டிவந்த முதியவர் இளமையில் மாட்டுவண்டி ஓட்டியவர். பின்கதவோரம் சாய்த்திருந்த மிதிவண்டிகளை அவர் இறக்கச் சொன்னார். "பின்பாரம் ஆச்சுன்னா வண்டி வாலாட்டும், பாய்" என்றார். மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து கழுத்துக்கயிறு இறுக்கும். ஓர் அச்சு டிரெய்லருக்கும் அந்நீதியே. அச்சுக்குப் பின்னால் சுமை கூடினால் இணைப்பு மேலெழும்ப, வண்டி பக்கவாட்டில் அலையும்.

கனத்த பெட்டிகளை அச்சுக்குச் சற்று முன்னே வைத்தார். மிதிவண்டிகளைப் பக்கப்பலகையோரம் நிமிர்த்தி, கைப்பிடிகள் மோதாதவாறு ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றைப் பின்னோக்கியும் நிறுத்தினார். உராயும் இடங்களில் சாக்கைத் திணித்தார். கயிற்றை ஆரக்கம்பியிலோ பிரேக் கம்பியிலோ மாட்டாமல், உறுதியான சட்டத்தில் இரண்டிடங்களில் சுற்றி, இருபுறமும் எதிரெதிராக இழுத்துக் கட்டினார். முன்சக்கரம் திரும்பாதபடி அதனைச் சட்டத்தோடு பிணைத்தார். திடீரென வண்டி நின்றால் சுமை முன்னே பாயுமன்றோ? அதற்கென ஒரு கயிறு. குழிகளில் துள்ளாதிருக்கக் கீழ்நோக்கி ஒரு கயிறு. சிறிது தொலைவு சென்றதும் நிறுத்தி, தளர்ந்த முடிச்சுகளை மீண்டும் இறுக்கினார்.

இவ்வளவு எதற்கு என்று கேட்போர் உண்டு. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் முன்சென்ற சரக்கு வண்டியிலிருந்து இரும்புக் கட்டில் ஒன்று சரிந்து விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். பின்னே இருசக்கர வண்டியில் வந்த இளைஞர் நூலிழையில் உயிர் தப்பினார். கட்டாத சுமையின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதற்கு உடையவர் அல்லர். பின்னே வரும் யாரோ ஒருவர். ஆகவே, சுமையைக் கட்டுவது பொருளைக் காப்பது மட்டுமன்று, முகமறியாதவர் உயிரை அமானிதமாகப் பேணுவதுமாகும்.

வழியில் மேடோ பள்ளமோ யாரறிவார் என்று வண்டியின் அடியில் சேம அச்சைக் கட்டிச் சென்ற உப்பு வணிகரைப் புறநானூற்றில் ஔவையார் காட்டுகிறார். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன்மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று வினவியவரிடம், முதலில் கட்டு, பின்னர் இறைவனை நம்பு என்னும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். உப்பு வண்டிக்கும் ஒட்டகத்துக்கும் டிரெய்லருக்கும் பொருந்தும் நெறி ஒன்றே: நம்பிக்கை முயற்சிக்கு மாற்றன்று; முயற்சி முடியுமிடத்தில் அது தொடங்குகிறது.

நகரியில் இறக்கியபோது மிதிவண்டிகளில் ஒரு கீறலும் இல்லை. மாணவச் செல்வங்களே, தளை தட்டினால் வெண்பா கெடும், ஆசிரியர் திருத்திவிடலாம். சாலையில் தளை தளர்ந்தால் திருத்துவதற்கு அவகாசம் இராது. எனவே, யாப்பிலக்கணத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.