பட்சி தீர்த்தத்தில் வராத பட்சிகள்

தொண்டை நாட்டுத் தலங்களுள் திருக்கழுக்குன்றத்துக்குப் பட்சி தீர்த்தம் என்றும் ஒரு பெயர் உண்டு. வேதங்களே மலையாய் நின்ற வேதகிரியின்மீது, நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். யுகத்துக்கு இருவராகச் சாபமுற்ற முனிவர்களே அவை என்பது தலபுராண மரபு.

பாட்டியாருடன் 500-க்கும் மேற்பட்ட படிகளேறி அக்காட்சியைச் சிறுவயதில் கண்டவன் நான். வெண்ணிற மேனியும் மஞ்சள் முகமும் கொண்ட அப்பறவைகள், அமுதிடுபவரின் அருகே அச்சமின்றி நடந்து வந்தன. பாட்டியார் கண்ணீர் மல்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

1990-களின் பிற்பகுதியில் அவ்வருகை நின்றுபோயிற்று. "கலி முற்றிவிட்டது" என்பர் பலர். அவ்வளவில் அமைதி கொள்ள என் மனம் இசையவில்லை. ஏனெனில், அக்காலத்தில் பாரதமெங்கும் கழுகுகள் மறைந்துகொண்டிருந்தன. வெண்முதுகுக் கழுகினம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் குறைந்தது. வேதகிரிக்கு வந்த மஞ்சள்முகக் கழுகின் இனமும் நாடெங்கும் அருகிற்று.

கழுகினங்களின் அழிவுக்குரிய பெருங்காரணம் 2004-இல் வெளிப்பட்டது. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் இட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின்னும் உடலில் தங்கியிருந்தது. அவ்வுடலை உண்ட கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அரசு தடைசெய்தது. இன்று தமிழகத்தில் நீலகிரியை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்கிலேதான் கழுகுகள் ஓரளவேனும் கூடுகட்டி வாழ்கின்றன.

சீதாபிராட்டிக்காக உயிர்நீத்த சடாயுவுக்கு, இராமபிரான் தாமே ஈமக்கடன் ஆற்றினார். புள்ளிருக்குவேளூரில் சடாயு குண்டத்துத் திருநீற்றை நாம் இன்றும் நெற்றியில் அணிகிறோம். அக்குலத்துக்கு நாம் பட்ட கடன் சிறிதன்று.

அன்பர்களே, கோதானம் செய்வோரும் கோசாலைக்குப் பொருள் உதவுவோரும் நம்மிடையே பலர். அங்குள்ள பசுக்களுக்கு எம்மருந்து இடப்படுகிறது என ஒரு சொல் கேளுங்கள். டைக்ளோஃபினாக் வேண்டா, கழுகுக்குத் தீங்கிழையாத மெலாக்சிகம் உண்டு. 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்ட அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபன் ஆகியவையும் வேண்டா என மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பசுவைக் காப்பது அறம். அது மாண்டபின் அவ்வுடலை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பறவையைக் காப்பதும் அவ்வறத்தின் பகுதியே. வேதகிரீசர் திருவருள் இதற்குத் துணைநிற்பதாக.