வெள்ளை உடுத்தியவர்களின் பந்தி

1988இல் பிரான்சுவா பஸ்கியே என்பவர் பாரிஸின் புலோன் காட்டுப் பூங்காவில் நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். கூட்டத்தில் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதற்காக எல்லாரையும் வெள்ளை உடுத்தி வரச் சொன்னார். ‘தினே ஆன் பிளாங்’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. மேசை, கதிரை, சாப்பாடு எல்லாவற்றையும் விருந்தினரே சுமந்து வரவேண்டும். இடம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். அழகான ஏற்பாடு. ஆனால் அழைப்பில்லாதவருக்கு அங்கே இடமில்லை.

கொழும்பிலும் வெள்ளை உடுத்தியவர்களின் திறந்தவெளி விருந்து உண்டு. அதற்கு அழைப்பே கிடையாது. பௌத்தர்களின் வெசாக் பௌர்ணமியன்று வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். காலி வீதி நெடுகிலும் மூங்கில் சட்டத்தில் மென்தாள் ஒட்டிய வெசாக் கூடுகள் ஆடின. இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டிக் கிடந்தன. பன்சலை என்னும் விகாரையில் சில் விரதம் எடுத்துவிட்டுத் திரும்பிய தாய்மார் வெள்ளைச் சேலையோடு பஸ்ஸில் ஏற, இளைஞர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். புறக்கோட்டையைத் தாண்டியதும் நெரிசலில் பஸ் ஊர்ந்தது, இறங்கி நடந்தேன்.

தெருவோரம் ஒரு தன்சல். தகரக் கூரை, பலகை மேசைகள், அடுப்பில் பெரிய கிடாரங்கள். தெருக்காரர் காசு சேர்த்து, சுகாதார அலுவலகத்தில் பதிந்து, ஓரிரவுக்கென்று எழுப்பிய இலவசச் சாப்பாட்டுக்கூடம் அது. வரிசையில் எனக்கு முன்னே நாட்டாமை வேலை செய்யும் ஒருவர். பின்னே காரை நிறுத்திவிட்டு வந்த குடும்பம். லன்ச் ஷீற் விரித்த தட்டில் சோறு, பருப்பு, சோயா, கத்தரிக்காய், அப்பளம். “தம்பி, இன்னும் கொஞ்சம் போடட்டா?” என்று கேட்ட பெரியவர் வெள்ளைச் சாரத்தில் குழம்பு தெறித்ததைக் கவனிக்கவில்லை. நான் எழுந்தபோது அவர்தான் கைகூப்பினார். கொடுப்பவருக்குப் புண்ணியம் சேர வேண்டுமென்றால் வாங்க ஒருவர் வர வேண்டும். அதனால்தான் அந்தத் தெரு இளைஞர்கள் கொடியசைத்து வாகனங்களை மறித்து ஆட்களை இறக்குகிறார்கள்.

இந்தப் பந்தி கொட்டாஞ்சேனையில் நடப்பதற்குத் தனிப் பொருள் உண்டு. 1883 மார்ச் 25, ஈஸ்டர் ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தமாராம விகாரைக்குச் சென்றுகொண்டிருந்த பௌத்த ஊர்வலம் சாந்த லூசியாள் தேவாலயத்துக்கு அருகே தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. நீதி கிடைக்காத பௌத்தர்களுக்காகப் பிரம்மஞான சங்கத்தின் ஹென்றி ஸ்டீல் ஒல்கொட் 1884இல் லண்டன் போய் வாதாடினார். அதன் பலனாக வெசாக் அரச விடுமுறையானது. 1885 ஏப்ரல் 28, வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏறியது இதே விகாரையில்தான். இன்று தோரணங்களில் எரியும் விளக்குகளின் பின்னால் ஒரு கலகத்தின் கதை இருக்கிறது.

2019 ஏப்ரல் 21, இன்னொரு ஈஸ்டரன்று, இங்கிருந்து நடக்கும் தூரத்திலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. அடுத்த மாதம் வந்த வெசாக் ஒடுங்கிப்போனது. ஒன்றாகக் கூடவே ஊர் அஞ்சிய நாள்கள் அவை. அதை நினைத்தால், முன்பின் அறியாதவர் சமைத்ததை முன்பின் அறியாதவர் பக்கத்தில் இருந்து உண்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பது விளங்கும்.

தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் தமிழரான நமக்குப் புதிதல்ல. ஆடிவேல் விழாவுக்குத் தேர் வரும்போது தெருவோரத்தில் தாகம் தீர்த்தவர்கள் நாம். ஆனால் கொடுத்துப் பழகிய கை வாங்கவும் பழக வேண்டும். வெசாக் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கும் தமிழ் வீடுகள் வெள்ளவத்தையில் நிறைய. அந்த வீட்டாரிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த வெசாக்கில் வெள்ளை உடுத்துங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பசியோடு புறப்படுங்கள். அயலவர் பந்தியில் போய் அமர்வதும் அவருக்கு நாம் செய்யும் மரியாதைதான்.