மூணு பேருக்குக் குறையக் கூடாது!

"எத்தனை ரூபா குடுப்பாங்க?"

விடியற்காலை ஐந்தே கால். சிவகாசியில் ஒரு டீக்கடை வாசல். கேட்டவர், கையில் தூக்குவாளியோடு பட்டாசு ஆலை பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அம்மா. ராத்திரி முழுக்க சைக்கிள் மிதித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெஞ்சின் ஓரத்தில் ஒரு தினுசாகத் தொங்கிக்கொண்டிருந்தேன் நான்.

"பரிசெல்லாம் கிடையாதும்மா."

"அப்புறம் எதுக்கு?"

நியாயமான கேள்வி. என் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள். குரல் மட்டும் கொஞ்சம் உரக்க!

விஷயம் இதுதான். பிரான்ஸில் 1947-லிருந்து 'ஃப்ளெஷ்' என்று ஒரு சைக்கிள் பயணம் நடக்கிறது. ஃப்ளெஷ் என்றால் அம்பு. 'சைக்கிளுக்கு கியர் வேண்டும்' என்று ஊர் சிரித்த காலத்திலேயே வாதாடிய வெலோஸியோ என்பவரின் நினைவாக ஆரம்பித்தது. ஆடாக்ஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் இயக்கத்தோடு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அந்த இயக்கத்தின் மற்ற பயணங்களில் (200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு இருபது மணி நேரம்) நீங்கள் பாட்டுக்குத் தனியாகப் போய்ச் சேரலாம். ஃப்ளெஷ்ஷில் அது நடக்காது. மூன்றிலிருந்து ஐந்து சைக்கிள் வரை ஓர் அணி. 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கிலோமீட்டர். எந்த இடத்திலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. கடைசி இரண்டு மணி நேரத்தில் 25 கிலோமீட்டராவது ஓட்டியாக வேண்டும். முக்கியமான விதி: மூன்று பேராவது சேர்ந்து முடிக்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் போய் நின்றால் அந்த 360-ம் கணக்கில் கிடையாது. ஏறக்குறைய கூட்டணி ஆட்சி மாதிரி!

எங்கள் கூட்டணியில் நாலு பேர். வங்கியில் வேலை பார்க்கும் கேப்டன், செல்போன் கடைப் பொடியன், சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணாச்சி (வயது ஐம்பது), ஆபீஸ் நாற்காலியே கதியாகக் கிடக்கும் நான்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. மதுரை பழங்காநத்தத்தில் கிளம்பினோம். மதியம் விருதுநகர். காமராஜர் பிறந்த ஊருக்கு ஒரு கும்பிடு, எண்ணெய் பரோட்டாவுக்கு ஒரு கும்பிடு. "வெயிட் ஆகும் தம்பி" என்றார் அண்ணாச்சி. "சைக்கிள்தானே தூக்கப் போகுது?" என்று நாலாவதையும் பிய்த்துப் போட்டேன். சாத்தூர் வரும்போது அந்த நாலும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே காராச்சேவு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட கயத்தாறைக் காற்றாலைகளின் நிழலில் கடந்தோம். திருநெல்வேலியில் விளக்கு வைத்துவிட்டார்கள். ராத்திரி பத்தரைக்குத் தென்காசி. பஸ் ஸ்டாண்ட் சிமென்ட் பெஞ்சில் ஒரு மணி நேரத் தூக்கம். நட்சத்திர ஓட்டல் மெத்தைகூட அவ்வளவு சுகமாக இருக்காது ஸார்!

சோதனை புளியங்குடியில் ஆரம்பித்தது. அதுவரை முன்னால் போய்க் காற்றைக் கிழித்துக்கொண்டிருந்த கேப்டன் திடீரென்று ஓரங்கட்டினார். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "நீங்க போங்கடா. நான் பஸ்ல வந்துடறேன்" என்றார். நாலு பேரில் தேறாதவன் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தது என்னைத்தான். விழுந்ததோ கேப்டன்! அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் எதிரே இரண்டு முகங்கள். மூன்று பேர் சரியாக மூன்று பேர். இனி ஒருத்தன் நின்றாலும் மூன்று பேருக்கும் முட்டை.

ராஜபாளையத்தில் நாய்கள். ராஜபாளையம் நாய் என்றால் வெள்ளை வெளேரென்று, மூக்கு இளஞ்சிவப்பாக, ராஜ களையோடு இருக்கும். எங்களைத் துரத்தியது சாதாரணத் தெரு நாய். கௌரவம்தான் குறைச்சல், பல் ஒன்றுதான். அன்றைய பயணத்தில் என்னுடைய அதிகபட்ச வேகம் பதிவானது அங்கேதான்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரம் இருட்டில் நிழலாக நின்றது. பால்கோவாக் கடைகள் பூட்டிக் கிடந்தன. மல்லி தாண்டியபோது எனக்குக் கண் செருகியது. சிவகாசி டீக்கடையில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னேன்:

"அண்ணாச்சி, என்னால முடியல. விட்டுருவோம்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். அந்த அம்மா வந்து கேட்டது அப்போதுதான்.

ரூபாய் இல்லை என்றதும் அவர் சிரித்துவிட்டார். "எங்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. இப்ப அதுவும் குறைஞ்சு போச்சு. சரவெடி கூடாது, அந்த மருந்து கூடாதுன்னுட்டாங்கள்ல?" 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் விதித்த தடையைச் சொல்கிறார். காற்றுக்கு அது நல்லது. தூக்குவாளிக்கு?

அவர் நகர்ந்ததும் அண்ணாச்சி பேசினார். "எங்க அக்காவும் இருபது வருஷமா பட்டாசுக்குத்தான் போறா. மருந்து செலுத்துற ரூம்ல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். ஏன் தெரியுமா?"

"இடம் பத்தாதா?"

"இல்ல தம்பி. ஏதாச்சும் ஆச்சுன்னா நாலு பேரோட போகட்டும்னு."

வாயில் வைத்த டீ இறங்கவில்லை.

மழை பொய்க்கிற கரிசல் மண். விவசாயத்தை நம்ப முடியாத ஊரிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு, 1923-ல் திரும்பி வந்து ஆரம்பித்ததுதான் சிவகாசியின் கதை. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட காற்று, மருந்து காய்வதற்கு வசதியாகப் போயிற்று. இன்றைக்கு இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. கூடவே விபத்துகளும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்துபோனார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு ஓடிப் போன அக்கம்பக்கத்து ஜனங்கள்.

"மருந்துக்கு எமன் உராய்வுதான். அதனால கீழே ரப்பர் விரிப்பு, உடம்புல பருத்தித் துணி. ஒருத்தி அவசரப்பட்டு அழுத்தித் தேச்சாலும் நாலு பேருக்கும் சேர்த்துத்தான். பக்கத்துல இருக்கிறவ தூங்கி வழிஞ்சா தட்டி எழுப்புவாங்க. திட்ட மாட்டாங்க" என்றார் அண்ணாச்சி.

"சைக்கிள்காரனுக்கும் எமன் உராய்வுதான் அண்ணாச்சி" என்றேன், இருக்கையைப் பரிதாபமாகப் பார்த்து. பொடியன் சிரித்துப் புரையேறினான்.

"அங்கே நாலு பேருக்கு மேல கூடாது. இங்கே மூணு பேருக்குக் குறையக் கூடாது. எந்திரிங்க தம்பி" என்று முதுகில் தட்டினார். திட்டவில்லை.

எழுந்தேன்.

திருத்தங்கல் தாண்டி வெளுக்க ஆரம்பித்தது. பின்னால் ஹாரன். ஆலை பஸ். ஜன்னலோரம் பூரா பெண்கள், எண்ணெய் வைத்து வாரிய தலை, கனகாம்பரம். அந்த டீக்கடை அம்மா தலையை நீட்டிக் கத்தினார்:

"ரோட்டுல பார்த்துப் போங்கப்பா! பத்திரம்!"

மருந்து அறைக்குள் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர், பொழுது போகாமல் சைக்கிள் மிதிக்கிற எனக்குப் பத்திரம் சொல்கிறார்! திருப்பி என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் பஸ் ஒரு கிளைச்சாலையில் திரும்பிவிட்டது. "நீங்களும்" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டது.

ஆமத்தூர், விருதுநகர், கள்ளிக்குடி. எட்டு மணிக்கு அட்டையில் நேரம் குறித்துக்கொண்டு, கடைசி இரண்டு மணி நேரத்துக்கான ஓட்டம். பொடியன் முன்னால், நான் நடுவில், அண்ணாச்சி பின்னால். நான் தொய்ந்தபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரு மணி 'டிரிங்'. அவ்வளவுதான்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குப் பழங்காநத்தம். கட்டுப் போட்ட காலோடு கேப்டன் நின்றிருந்தார், கையில் இட்லிப் பொட்டலம். அட்டையில் நாலு பேர், மூன்று கையெழுத்து. கணக்கில் சேர்ந்துவிட்டது!

திங்கட்கிழமை ஆபீஸில் நின்றுகொண்டே கோப்பு பார்த்தேன். மேலதிகாரி விசாரித்தார். சொன்னேன்.

"எவ்வளவுய்யா குடுத்தாங்க?"

"ஒரு டீ ஸார்" என்றேன்.