வாயும் வயிறும் வேறு

மறைமலை நகர் தொழிற்பேட்டையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தில், டீக்கடைக்குப் பின்னால், செம்பட்டை நிறப் பெட்டை நாய் ஒன்று மார்கழியில் குட்டி போட்டது. ஆரம்பத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் போடும் பொறையைக் குட்டிகள் தின்ன விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளிப் படுத்திருக்கும். மாசி நடுவில் எல்லாம் மாறிவிட்டது. பொறை விழுந்த இடத்துக்குக் குட்டி ஓடி வந்தால் தாய் உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. மீறி வந்த குட்டியின் மூஞ்சியைத் தன் வாய்க்குள் வாங்கி ஓர் அழுத்து அழுத்திவிட்டது. காயம் இல்லை, ஆனால் குட்டி வீலென்று கத்தி மல்லாந்துவிட்டது.

“பெத்த புள்ளகிட்டயே புடுங்கித் தின்னுது பாருண்ணே, இதெல்லாம் ஒரு தாயா?” என்று டீக்கடை அக்காவுக்கு ஆத்திரம்.

நான் தாயின் கட்சி. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதை உயிரியலில் கணக்காகவே போட்டவர் ராபர்ட் டிரிவர்ஸ். 1974இல் எழுதினார். தாய்க்கு எல்லாக் குட்டியும் ஒன்றுதான். ஒவ்வொன்றிலும் அதன் மரபணுவில் பாதி இருக்கிறது, இனிப் பிறக்கப்போவதிலும் அதே பாதி. குட்டியின் கணக்கு வேறு. அதற்குத் தான் முழுசு, கூடப்பிறந்தது பாதி, தகப்பன் வேறென்றால் கால். அதனால் தாய் ‘போதும்’ என்று நிறுத்தும் நாள் முன்னதாகவும், குட்டி ‘போதும்’ என்று விலகும் நாள் தாமதமாகவும் வருகிறது. நடுவில் கிடக்கும் நாட்கள்தான் சண்டை. பாசம் வற்றிப்போய் வரும் சண்டை அல்ல அது. பாலுக்கு ஓர் அளவு உண்டு. அதைச் சுரக்கும் உடம்பு தேறி அடுத்த ஈற்றையும் சுமக்க வேண்டும்.

அந்த நாட்கள் எவை என்று நம் தெருநாய்களிடமே பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தா ஐசர் (IISER) அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் அனிந்திதா பத்ராவும் மானபி பாலும் அவர்கள் குழுவும் தெருவில் நின்று கவனித்ததில், குட்டிக்கு 7 வாரம் ஆகும்வரை தாய் பால் மறுப்பது அபூர்வம். 13 வாரத்துக்குப் பிறகு குட்டி கேட்பதே இல்லை. இடைப்பட்ட காலத்தில் தாய் பாதியில் எழுந்து போகும், குட்டி துரத்தும். பக்கத்தில் வேறொரு பால் கொடுக்கும் நாய் இருந்தால் அதன் மடியில் போய்த் திருட்டுப் பால் குடிக்கும் குட்டிகளும் உண்டு. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்தது. தாய் மறுத்தால் குட்டி சும்மா இருப்பதில்லை.

இங்கிருந்து அதிக தூரமில்லாத வேடந்தாங்கலில் கூடு கட்டும் கொக்குகளின் இனத்தில் நடப்பது இதைவிடக் கொடியது. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்தது நிமிர்ந்து நிற்கும்போது கடைக்குட்டி தலை தூக்கவே திணறும். இரைக்காக மூத்தது இளையதைக் கொத்தும், சில சமயம் சாகும்வரை. டெக்சாஸில் பெருங்கொக்குக் கூடுகளை 1980களில் ஆராய்ந்த டக்ளஸ் மாக், பெற்றவை பக்கத்திலேயே நின்றும் விலக்கிவிடுவதில்லை என்று கண்டார். மீன் தாராளமாகக் கிடைத்தால் எல்லாம் பிழைக்கட்டும், இல்லாவிட்டால் வலுத்ததாவது பிழைக்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு. காரணம் புரிகிறது, மனம்தான் ஒப்பவில்லை.

அதோடு வைத்துப் பார்த்தால் நாய்க் குடும்பத்தின் சண்டை சாதுவானது. தெருநாய்க் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் வேறு கை. அதே கொல்கத்தா குழு 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். சாவுகளில் 63 சதவீதத்துக்கு மனிதர்கள் காரணம். இந்தப் பேட்டையில் வெயிலுக்கு அவை ஒதுங்கும் நிழல் டிரைலருக்கு அடியில்தான். வண்டியைக் கிளப்புமுன் கிளீனர் ஒரு தடவை குனிந்து சக்கரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும், குட்டிகள் ஓடிவிடும். பங்குனி முடியும்வரையாவது இதை எல்லா வண்டிக்காரர்களும் செய்ய வேண்டும்.