எது மேலே? - ஒரு காமர்ஸ்காரனின் வாக்குமூலம்

பி.காம் படிக்கிறவனுக்கு ஆட்டோகேட்ல என்னடா வேலைன்னு கிளாஸ்ல கேப்பீங்க. ஒரு வேலையும் இல்லை. ஆனா ஒரு நாள் ராத்திரி நான் பண்ணின காரியத்தால ஆறு இரும்புக் குழாய் வீணாப் போச்சு. ரொம்ப நாளா மனசுல உறுத்திட்டே இருக்கு, இன்னிக்கு சொல்லிடறேன்.

எங்க வீடு மீஞ்சூர்ல. காட்டுப்பள்ளின்னதும் எல் அண்ட் டி கப்பல் தளமும், 2018ல அதானி வாங்கின துறைமுகமும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். எங்க அண்ணன் அங்கெல்லாம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு குட்டிப் பட்டறையில டிராயிங் போடறான்.

அன்னிக்கு ஒரு குழாய் ஆர்டர். எந்தெந்தப் புள்ளியில வளையணும்னு எக்ஸெல்ல எக்ஸ், ஒய், இசட்னு மூணு காலம். அண்ணன் அதை ஆட்டோகேட்ல ஏத்தினா, நிக்க வேண்டிய குழாய் மல்லாந்து படுத்துக்கிச்சு.

காரணம் சிம்பிள். ஆட்டோகேட்ல எக்ஸும் ஒய்யும் தரை, இசட்தான் உயரம். மேஜை மேல பேப்பரை விரிச்சு வீட்டு பிளான் போடற மாதிரி. சாலிட்வொர்க்ஸ்ல அப்படியே விட்டா ஒய்தான் உயரம். சுவத்துல மாட்டின போர்டுல வரையற மாதிரி. இசட் நம்மளைப் பாத்து வரும். மாயா, யூனிட்டி எல்லாம் ஒய் கட்சி. பிளெண்டர், 3டிஎஸ் மேக்ஸ் எல்லாம் இசட் கட்சி. ரெண்டுமே தப்பு இல்லை. கப்பல்காரங்க கதை இன்னும் மோசம். கப்பலோட ஆட்டத்தைக் கணக்குப் போடற புத்தகங்கள்ல இசட் கீழ்ப்பக்கம் பாத்துட்டு இருக்கும்!

மணி பதினொண்ணு. அண்ணனுக்குக் கண்ணு சொக்குது. "எக்ஸெல்தானே அண்ணா, குடு"ன்னு வாங்கினேன். ஒய் காலத்தையும் இசட் காலத்தையும் இடம் மாத்தினேன். குழாய் ஜம்முனு நிமிந்து நின்னுச்சு. நான் பெரிய ஹீரோ :)

நமக்கு இது பழகின விஷயம்தானே? நம்மூர் பழைய பேலன்ஸ் ஷீட்ல பொறுப்பு இடது பக்கம், சொத்து வலது பக்கம். அமெரிக்கப் புத்தகத்துல சொத்து இடது பக்கம். மாத்திப் போட்டாலும் டோட்டல் டேலி ஆகும். யாருக்கும் நஷ்டமில்லை.

குழாய்க்கு அப்படி இல்லை மக்களே. வலது கையை நீட்டுங்க. கட்டைவிரல் எக்ஸ், ஆள்காட்டி விரல் ஒய், உள்ளங்கை பாக்கற பக்கமா நடுவிரலை மடக்கினா அது இசட். இப்ப ஒய்யும் இசட்டும் பேரை மட்டும் மாத்திக்கிட்டா, அது இடது கை ஆயிடும்! நான் குழாயை நிமித்தலை, கண்ணாடியில தெரியற பிம்பமா மாத்திட்டேன். வலது கால் செருப்பு இடது கால் செருப்பான மாதிரி. செஞ்சிருக்க வேண்டியது என்னன்னா, பழைய ஒய் புது இசட். பழைய இசட்டுக்கு மைனஸ் போட்டுத்தான் புது ஒய். அந்த ஒரே ஒரு மைனஸை விட்டுட்டேன்.

கொடுமை என்னன்னா, டேப் வெச்சு அளந்தா எல்லாமே சரி. நீளம் சரி, வளைவு டிகிரி சரி. பட்டறையில செக் பண்ணினவங்களும் ஓகேன்னுட்டாங்க. பொருத்தற இடத்துக்குப் போனப்பதான் தெரிஞ்சுது, இடது பக்கம் திரும்ப வேண்டியது வலது பக்கம் திரும்புது. ஆறும் அப்படியே திரும்பி வந்துச்சு.

அண்ணன் சம்பளத்துல பிடிச்சாங்க. "யார் மாத்தினது?"ன்னு கேட்டப்ப "நான்தான் சார்"னு சொல்லியிருக்கான். வீட்டுக்கு வந்தும் என்னை ஒரு வார்த்தை திட்டலை. அம்மாகிட்ட கூட சொல்லலை. அந்த மாசம் என் செமஸ்டர் ஃபீஸையும் அவன்தான் கட்டினான். திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருப்பேன்.

போன வாரம் இன்னொரு எக்ஸெல் வந்துச்சு. எனக்கு அந்தப் பக்கம் போகவே பயம், புத்தகத்தை வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தேன். அண்ணன் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான்.

"டேய், வலது கையை நீட்டு. ம்... இப்ப மாத்து."